மாத்தளையில் இடித்ததற்கு நான் அணைத்த மெஷின்

மாத்தளையில் இடி விழுந்தால், கடல் கடந்து இன்னொரு நாட்டில் நான் வாடகைக்கு எடுத்து ஓடவிட்டிருந்த கம்ப்யூட்டர் எரிந்துபோகும் என்று நம்பினேன். சின்ன வயது, விவரம் தெரியாது என்று தப்பிக்கவும் வழியில்லை. தலையில் பாதி நரைத்த பிறகு நம்பியது இது. கம்ப்யூட்டரையே கண்ணால் காணாத ஒருவர் நம்பியிருந்தால் மன்னித்துவிடலாம். நான் அதை வைத்துச் சோறு தின்கிறவன்.

டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையின் மேல்மாடியில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. வீடு கட்டப் போகிறவர்களுக்குப் பிளேன் வரைந்து கொடுப்பேன். கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி படமாகவும் காட்டுவேன். சீகிரியாப் பக்கம் லாட்ஜ் போட நினைக்கிறவர்கள் வந்து, நீச்சல் குளத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் புத்தகம் படிக்கிற மாதிரி போடச் சொல்வார்கள். போடுவேன். குளம் கடைசிவரைக்கும் வெட்டப்படாது. அந்தப் பெண் மட்டும் என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இன்னும் அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். எல்லா லாட்ஜுகளுக்கும் அவள் ஒருத்திதான்.

இப்படிப்பட்ட தொழில்நுட்ப நிபுணர் இடிக்குப் பயந்த கதையைச் சொல்ல வேண்டுமானால், எங்கள் பக்கத்து இடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருவமழை மாறுகிற மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் வானம் கறுக்கும். மலைக்கு அந்தப் பக்கம் முதல் உறுமல் கேட்டதுமே வீட்டுக்கு வீடு ஒரே வேலை நடக்கும். டீவி, பிரிட்ஜ், ரவுட்டர், சார்ஜர் என்று எல்லாப் பிளக்கையும் கழற்றுவார்கள். என் மனைவிக்கு இதில் ராணுவ ஒழுங்கு உண்டு. நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பிராவில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பல்பு. இடித்தால் அதையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்போம். இடி என்று காது கேட்டால் கை தானாகவே எதையாவது அணைக்கத் தேடும். மூளையிடம் அனுமதி கேட்கிற வழக்கம் அந்தக் கைக்கு இல்லை.

சங்கதி என் அக்காவிடமிருந்து தொடங்கியது. அவள் இன்னும் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறாள். அடுப்பும் படுக்கையும் ஒரே கூரைக்குக் கீழே கிடக்கிற காம்பிராவில் விறகுப் புகையோடு வாழ்ந்து, அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. மாலையில் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் மூன்றாவதற்கு மூச்சு வாங்குவாள். லயத்தில் இருந்தவர்களுக்குப் புது வீடு கட்டித் தருவதாக முடிவாகி, மலைச்சரிவில் இரண்டு வரிசையாகக் காணி பிரித்தார்கள். அக்காவுக்கு மேல் வரிசை விழுந்தது. சந்தோசப்பட்டுத்தான் பிளேனைப் பார்க்கப் போனாள். கீழ் வரிசை வீடுகளுக்கெல்லாம் சமையலறை பின்பக்கத்தில் இருந்தது. அந்தப் பின்பக்கத்துக்கு நேர் மேலே, மேல் வரிசை வீடுகளின் படுக்கையறை ஜன்னல்கள். மாலையில் எங்கள் மலையில் காற்று கீழே பள்ளத்திலிருந்து மேலே ஏறும்.

அக்கா போன் எடுத்தாள்.

"தம்பி, லயத்துல இவ்வளவு காலமா என் அடுப்புப் புகையத் தின்னேன். புது வீட்டுல அடுத்தவ அடுப்புப் புகையத் திங்கச் சொல்றாங்க."

"என்ஜினியர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். நல்ல பிள்ள அது, கேட்டுக்கிச்சு. பிளேன்ல காத்து இல்லையே அம்மா, நான் எத வச்சு மேல பேசுறதுன்னு கேக்குது."

அந்த என்ஜினியர் ஒரு சிங்களப் பெண். கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு தோட்டத்து அம்மா காற்று இப்படிப் போகும் என்றார் என்று எழுதினால் அவருடைய மேலதிகாரிகள் பிளேனை மாற்ற மாட்டார்கள். அத்திவாரத்துக்குக் கயிறு கட்டுமுன் கடைசிக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, தேயிலை நிறுக்கிற கொழுந்து மடுவத்தில் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் காற்றைப் பிளேனில் போட்டுக் காட்ட வேண்டும்.

"அது என் வேலைக்கா," என்றேன். "புகைய நானே புடிச்சிட்டு வந்து மேசையில வைக்கிறேன்."

இப்படிப் பேசுவதில் எனக்குக் குறையே வந்ததில்லை.

என் அறைக் கம்ப்யூட்டர் புத்தகம் படிக்கிற வெள்ளைக்காரியைச் சமாளிக்கும். புகையைச் சமாளிக்காது. அவள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பாள், புகை உட்காராது. அது ஒவ்வொரு கணமும் எந்தச் சுவரில் மோதுகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு ஆறிப்போகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் அடுப்பின் புகை ஒரு கூரையைத் தாண்டுவதற்குள் என் கம்ப்யூட்டர் சூடேறி நின்றுவிட்டது.

அதனால்தான் கிளவுட்டுக்குப் போனேன். பெயரைக் கேட்டு அது மேகத்தில் தொங்குவதாக நினைக்க வேண்டாம். எங்கோ ஒரு நாட்டில், குளிரூட்டிய மண்டபத்தில், அலமாரி அலமாரியாகக் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பங்கை நமக்கு ஒதுக்கித் தருவார்கள். நம் திரையில் அது தனி மெஷினாகவே தெரியும். தொட்டுப் பார்க்க மட்டும் முடியாது. அதிலும் வகைகள் உண்டு. செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஒன்று, படமும் அசைவும் செய்ய ஒன்று, மலை போன்ற கணக்கைப் பங்கு போட்டு ஒரே மூச்சில் முடிக்க இன்னொன்று. நான் பெயர் நீளமாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். நீளமான பெயருள்ளது பெரிய வேலை செய்யும் என்பது என் கணிப்பு. அது நுண்ணறிவுக்கானது. படம் காட்டுகிற வசதியே அதில் போட்டிருக்கவில்லை. வில்கமுவையில் நெல் அறுக்கிற மெஷினைப் பிடித்து, அதில் கல்யாணப் பெண்ணை அழைத்துப் போகப் பார்த்த கதைதான். அதை விட்டுவிட்டு, படத்துக்கென்றே உள்ள, நல்ல கிராபிக்ஸ் கார்ட் பூட்டிய ஒன்றை எடுத்தேன்.

அது ஓடிய வேகத்தைப் பார்த்து எனக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது. மலைச்சரிவை லெப்டொப்பில் வரைந்து ஏற்றினேன். இரண்டு வரிசை வீடுகளை நிறுத்தினேன். அக்கா உரப்பையைக் கிழித்துக் கம்புகளில் கட்டி, சமைக்கிற நேரத்தில் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று போனில் வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்தக் காற்றை உள்ளே விட்டேன். கீழ் அடுப்புகளைப் பற்ற வைத்தேன். புகை எழுந்து, நெளிந்து, நேராக மேல் வரிசை ஜன்னல்களுக்குள் விருந்தாளி மாதிரி நுழைந்தது. பிறகு சமையலறைகளைப் பக்கவாட்டுக்கு மாற்றி இன்னொரு முறை ஓட்டினேன். இப்போது புகை வீடுகளுக்கு இடையிலுள்ள சந்து வழியாக ஏறி, மேல் வரிசையின் இடைவெளியையும் தாண்டி, தேயிலைக்குள் போய்க் கலைந்தது. இரண்டு படமும் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் தயார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு அழகு வேண்டியிருந்தது. வாசலில் செவ்வந்தி, ஜன்னலில் ஆடுகிற திரை, மலைக்குப் பின்னால் மஞ்சள் வெயில் எல்லாம் சேர்த்து மூன்றாவதாக ஒன்றை ஓடவிட்டேன். அது முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து இறக்கிக்கொள்ளலாம் என்று லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த மெஷினில் பொருள் வைக்க இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று மெதுவானது, நிலையானது. மற்றது படுவேகம், ஆனால் தற்காலிகமானது, மெஷினை நிறுத்தினால் உள்ளே இருப்பது போய்விடும் என்று அங்கேயே எழுதி வைத்திருந்தார்கள். வாசித்தேன். வாசித்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் ஊரில் தற்காலிகப் பாலத்தில்தான் என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் முடித்தார்கள். நாங்கள் பிறந்த லயங்களையும் யாரோ தற்காலிகம் என்று நினைத்துத்தானே கட்டினார்கள். தற்காலிகம் என்று போட்டிருந்ததால் எனக்கு நம்பிக்கை கூடியது. எல்லாவற்றையும் வேகமான இடத்தில் வைத்தேன்.

சோறு போடும்போதே மலைக்கு அந்தப் பக்கம் உறுமியது.

"ஏங்க, இடிக்குது. லெப்டொப்பக் கழட்டுங்க."

கழற்றினேன். அவள் பிரிட்ஜைக் கழற்றினாள். நான் ரவுட்டரைக் கழற்றினேன். அடுத்த இடி பக்கத்துத் தோட்டத்தில் விழுந்த மாதிரி இருந்தது, பாத்திரம் அதிர்ந்தது. என் கை போனை எடுத்தது. வாடகை மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற செயலி அதில் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த மெஷினைத் தொட்டு, நிறுத்து என்பதை அழுத்தினேன். தற்காலிக இடத்தில் உள்ளவை அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. இடி இடிக்கும்போது யார் வாசிப்பார்கள்? சம்மதம் என்றேன்.

"எல்லாம் கழட்டியாச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"எல்லாம். வெளிநாட்டுல ஓடிக்கிட்டு இருந்ததையும் நிப்பாட்டிட்டேன்."

அவள் கொஞ்ச நேரம் அப்பளத்தைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"அங்கயும் இடிக்குதா?"

வாயில் இருந்த சோறு அங்கேயே நின்றது. அதன்பிறகு விழுந்த இடி எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

மழைக்குள்ளேயே மெஷினைத் திரும்ப ஓடவிடப் பார்த்தேன். இந்த வகை இப்போது கைவசமில்லை, பிறகு முயலவும் என்று பதில் வந்தது. நான் விட்ட இடத்தில் உலகத்தில் யாரோ ஒருவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டை போடாமல் பஸ் சீட்டை விட்டு எழும்பியவனுக்கு நடப்பதுதான் நடந்தது. திரும்பத் திரும்ப அழுத்தி, மழை விடுகிற நேரத்தில் ஒருவழியாக இடம் கிடைத்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். வேகமான இடம், இப்போதுதான் கடையில் வாங்கிய தட்டு மாதிரிப் பளபளவென்று காலியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன்.

"தம்பி, புகை வந்துருச்சா?"

"வந்துச்சுக்கா."

"எங்க போச்சு?"

"அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

"ஜன்னலுக்குள்ள போச்சாடா?"

"எங்கயோ போச்சு, நீங்க வைங்க."

பதறினால் மனுசன் என்னவெல்லாம் செய்வான் என்பதற்கு நான் சாட்சி. காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று யோசித்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் ஐஸ் மாதிரி இருந்தது, காய்ச்சல்கூட ஒத்துழைக்கவில்லை. பிறகு ஓர் அருமையான யோசனை வந்தது. சவர்க்காரப் பெட்டி அட்டைகளை வெட்டி வீடுகள் செய்தேன். சாப்பாட்டு மேசையில் தலையணை போட்டு மலையாக்கி, அதன்மேல் இரண்டு வரிசையாக வைத்தேன். கீழ் வரிசைக்குப் பின்னால் ஊதுபத்தி கொளுத்தி, போனில் படம் எடுக்கத் தொடங்கினேன். உலகத்தின் அதிவேக மெஷின் செய்கிற வேலையைத் தலையணையில் செய்து முடிக்கிற திட்டம். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததை மறந்துபோனேன். புகை எந்த ஜன்னலுக்கும் போகாமல் நேராக என் மனைவியின் மூக்குக்குப் போனது. அவள் இருமிய வேகத்தில் ஊதுபத்தி சாய்ந்து, கீழ் வரிசையில் ஒரு வீடு பற்றிக்கொண்டது.

அவள் பதறவில்லை. செம்புத் தண்ணீரை ஊற்றினாள். மலையோடு சேர்த்து எல்லாம் நனைந்தது.

"இப்ப மண்சரிவும் வந்துருச்சு," என்றேன்.

அவள் சிரிக்காமல் கேட்டாள். "அக்கா வீடு, மலை, அடுப்பு எல்லாம் ராவும் பகலுமா வரைஞ்சீங்களே. அதுவும் போயிருச்சா?"

"இல்ல. அது லெப்டொப்புல இருக்கு."

"உரப்பை வீடியோ?"

"அது போன்ல இருக்கு."

"அப்ப போனது என்னா?"

"புகை மட்டுந்தான்."

"புகைதானே. திரும்ப மூட்டுங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாத எதையும் அவள் சொல்லவில்லை. மலையும் வீடும் காற்றும் என்னிடமே இருந்தன. மெஷின் கணக்கை மட்டும் திரும்பப் போட வேண்டும். எனக்கு இந்த வேலை தெரியும், நன்றாகவே தெரியும். இடி இடிக்கும்போது மட்டும் தெரியாது.

சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். செவ்வந்தியைப் பிடுங்கினேன், திரையைக் கழற்றினேன், மஞ்சள் வெயிலை அணைத்தேன். சாம்பல் நிற வீடு, சாம்பல் நிறப் புகை. இந்த முறை நிலையான இடத்தில் வைத்தேன். அது மெதுவான இடம் என்பதால், கூட்டத்துக்கு முன் ஒரு படம்தான் முடியும் என்று தெரிந்தது. பிளேன் இப்போது இருக்கிறபடி புகை எங்கே போகிறது என்பதை எடுத்துக்கொண்டேன். கேள்வியே அதுதான் என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் மறுபடியும் உறுமியது. மனைவி பிளக்குகளைக் கழற்றி முடித்துவிட்டு, என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"போனக் குடுங்க."

"நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்."

"நீங்க செய்ய மாட்டீங்க. உங்க கை செய்யும்."

போன் அரிசி வாளிக்குள் போனது. நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, இடி ஓயும்வரை பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். மெஷின் அதன் பாட்டில் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து மடுவம் நிறைந்திருந்தது. புரொஜெக்டர் கொண்டுபோயிருந்தேன். பகல் வெளிச்சத்தில் சுவரில் ஒன்றுமே தெரியவில்லை. லெப்டொப்பைக் கொழுந்து நிறுக்கிற மேசையில் வைத்தேன். எல்லாரும் என் முதுகில் ஏறாத குறையாக நெருங்கினார்கள். புகை எழுந்து, கூரையைத் தடவிக்கொண்டு மேலே ஏறி, ஜன்னலுக்குள் போனது.

"அது யாரு வீட்டு அடுப்பு?" என்றாள் ஒரு பெண்.

"ரெண்டாம் நம்பர் வீடு."

"ரெண்டாம் நம்பர் எனக்குல்ல விழுந்தது. நான் இன்னும் அடுப்பே வைக்கல, அதுக்குள்ள புகைய விட்டுட்டீங்களா?"

"நீ வைக்காமலே எனக்கு இருமுதுடி," என்றாள் அக்கா.

"நான் கேஸ் வாங்கப் போறேன், தெரியுமா?"

"வாங்கு. கேஸ் முடிஞ்ச அன்னைக்கு என் ஜன்னலுக்கு வந்து சொல்லிட்டுப் போ."

சிரிப்பு அடங்கியதும் என்ஜினியர் இரண்டாவது முறை ஓட்டச் சொன்னார். காற்றின் திசை எங்கிருந்து கிடைத்தது என்று சிங்களத்தில் கேட்டார். உரப்பை வீடியோக்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு நான் எதிர்பார்க்காததைக் கேட்டார். புகை வருகிறது என்பது சரி, சமையலறையைப் பக்கவாட்டுக்கு மாற்றினால் எங்கே போகும்? அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குள் போகாது என்று எதை வைத்துச் சொல்வது?

வெள்ளிக்கிழமை தயாராக இருந்து, நான் சம்மதம் கொடுத்து அழித்த படம் அது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. இணையம் பழுது, கம்பனி பழுது என்று நாக்கில் நாலைந்து பொய் வரிசையில் நின்றன. எதுவும் உண்மையைவிட நன்றாக இல்லை.

"செய்து வைத்திருந்தேன்," என்றேன் சிங்களத்தில். "இடி இடித்தது, மெஷினை அணைத்துவிட்டேன். அழிந்துபோனது."

மெஷின் எங்கே இருக்கிறது என்று கேட்டார். வெளிநாட்டில் என்றேன். அவர் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டே சொன்னார். தன் அம்மாவும் இடிக்குப் பயந்தவர்தானாம், ஆனால் அவர் தன் வீட்டு டீவியை மட்டும்தான் கழற்றுவாராம். சிங்களம் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். மொழிபெயர்த்துச் சொன்னதும் மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா இரண்டு முறையும் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை கயிறு கட்ட ஆள் வருமுன் அந்தப் படம் தன் கைக்கு வந்தால் மேலே அனுப்பிப் பேசிப் பார்ப்பதாகவும், வராவிட்டால் பிளேன்படியே கட்டுவதைத் தவிர வழியில்லை என்றும் சொன்னார். நான் வீட்டுக்குப் போகக் காத்திருக்கவில்லை. போனிலிருந்து இணையத்தை எடுத்து, அந்த நிறுக்கிற மேசையில் நின்றபடியே கீழ் வரிசைச் சமையலறைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பக்கத்துக்கு நகர்த்தினேன். தங்கள் சமையலறை திரையில் நகர்வதைப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். இரண்டாம் நம்பர்க்காரி கதவு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று எனக்குக் கட்டளை போட்டாள். அதையும் மாற்றினேன். எங்கோ இருக்கிற அந்தக் குளிர்ந்த மண்டபத்தில் மெஷின் கணக்கைத் தொடங்கியது. போனை அக்காவிடம் கொடுத்து, முந்தானையில் முடிந்துகொள்ளச் சொன்னேன்.

படம் திங்கட்கிழமை காலையில் என்ஜினியருக்குப் போய்ச் சேர்ந்தது. கயிறு கட்டுவதைத் தள்ளிப்போட்டார்கள். கீழ் வரிசையில் சமையலறைகள் பக்கவாட்டுக்கு மாறின. இரண்டு வீடுகளுக்கு மட்டும் பாறை குறுக்கிட்டதால் சமையலறை பின்பக்கத்திலேயே இருந்தது; அவற்றின் புகைக்கூண்டை உயர்த்திக் கட்டினார்கள். அக்காவின் வீடு அந்த இரண்டில் ஒன்றுக்கு நேர் மேலே இருக்கிறது. கீழ் வீட்டில் கருவாடு பொரித்தால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. புகை உள்ளே வருவதில்லை. மாலையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் என்னோடு போனில் பேசுகிறாள்.